விலைச்சீட்டில் இல்லாத எட்டேகால் சதவீதம்

சித்தி மகன் சென்னையிலிருந்து டாலஸ் பக்கம் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன வாரம் வாட்ஸ்அப்பில் வரிசையாகக் கடை பில்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கீழே ஒரு கேள்வி: "அக்கா, எல்லாம் இதே ஊர்ல இருந்துட்டு வாங்கினதுதான். ஒரு பில்லுல வரியே இல்லாத மாதிரி இருக்கு, ஒண்ணுல 8.25, ஆன்லைன்ல வாங்கினதுல 8. இதுல எது சரி?"

எல்லாமே சரிதான். போனில் அவனுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் எல்லோரும் எப்போதாவது கேட்கும் கேள்வி இது. பல வருடம் இங்கேயே இருப்பவர்களும் "நம்ம ஊர்ல எட்டு சொச்சம்" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த எட்டு சொச்சத்தை யார் யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எந்தப் பொருளின் மேல் அது விழும், எதன் மேல் விழாது என்று தெரிந்தால் மாதச் செலவில் வித்தியாசம் தெரியும். நாம் குடியிருக்கும் ஊர் எதற்காகப் பணம் திரட்டுகிறது என்பதும் தெரியவரும். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

இந்தியாவில் பிஸ்கட் பாக்கெட்டின் மேல் இருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் அடங்கியது. இருபது ரூபாய் என்று போட்டிருந்தால் இருபது ரூபாயை நீட்டினால் போதும். இங்கே அலமாரியில் ஒட்டியிருப்பது கடைக்காரர் கேட்கும் விலை மட்டும். வரி கல்லாவில்தான் சேரும். ஏன் முதலிலேயே சேர்த்துப் போடக்கூடாது என்று பலரும் கேட்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்குப் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கிளைகள் இருக்கும், ஊருக்கு ஊர் விகிதம் மாறும். வரியோடு சேர்த்து ஒரு விலையை நாடு முழுக்க விளம்பரம் செய்ய முடியாது. நடைமுறை அப்படியே நிலைத்துவிட்டது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அமெரிக்க மத்திய அரசு விற்பனை வரி வாங்குவதே இல்லை என்பது. அது முழுக்க மாநிலங்களின் கையில் இருக்கிறது. 45 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் வசூலிக்கின்றன. டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானா, ஆரிகன், அலாஸ்கா ஆகிய ஐந்தில் மாநில அளவில் இந்த வரி கிடையாது. அலாஸ்காவில் மட்டும் மாநிலம் வாங்காவிட்டாலும் ஊராட்சிகள் விரும்பினால் தாங்களே போட்டுக்கொள்ளலாம். ஜூனோ போன்ற ஊர்கள் போடுகின்றன.

நம்ம ஊர் ஜி.எஸ்.டி. உற்பத்தியிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி, முந்தைய கட்டத்தில் கட்டியதைக் கழித்துக்கொண்டே வருவது. இங்கே அப்படி இல்லை. மொத்த வியாபாரியிடம் சரக்கெடுக்கும் கடைக்காரர், விற்பதற்காகத்தான் வாங்குகிறேன் என்று சான்று கொடுத்துவிட்டு வரியில்லாமல் எடுத்துக்கொள்வார். பயன்படுத்தப்போகிற கடைசி ஆளிடம்தான் வரி வாங்கப்படும். அதாவது நம்மிடம்.

இந்த வரி பரவியது 1930-களில். பொருளாதாரப் பெருமந்தத்தில் மக்களால் சொத்து வரி கட்ட முடியவில்லை. மாநிலங்களின் கஜானா காலியானது, பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே பணமில்லாத நிலை. மிசிசிப்பி முன்னால் போக, அந்தப் பத்து வருடத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பத்து சென்ட் பொருளுக்கு இரண்டு சதவீத வரி என்றால் ஒரு சென்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதை எப்படிச் சில்லறையாகக் கொடுப்பது? அதற்கென்றே சில மாநிலங்கள் உலோகத்திலும் அட்டையிலும் 'மில்' என்ற வரி வில்லைகளை வெளியிட்டன. ஒரு மில் என்பது சென்டில் பத்தில் ஒரு பங்கு. பழம்பொருள் கடைகளில் இன்றும் அவை கிடைக்கின்றன.

அதே பத்தாண்டில் நம் பக்கமும் இது நடந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1937-இல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சாராய வருமானம் போனால் அந்த இடத்தை நிரப்ப வேறொன்று வேண்டுமே. 1939-இல் மெட்ராஸ் மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது நம் மாகாணம்தான். அமெரிக்காவில் பெருமந்தம், நம் பக்கம் மதுவிலக்கு. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க இரு தேசத்து அரசுகளும் கடைத்தெருவுக்குத்தான் வந்து நின்றன.

டெக்சஸ் தாமதமாகத்தான் இதில் சேர்ந்தது. 1961-இல் 2% என்று வந்தபோது ஆளுநர் பிரைஸ் டேனியலுக்கு அதில் விருப்பமே இல்லை. கையெழுத்துப் போடவில்லை, தடுக்கவும் இல்லை. கையெழுத்தில்லாமலே அது சட்டமானது. ஏறி ஏறி 1990-இல் 6.25% ஆகி இன்றுவரை அங்கேயே நிற்கிறது. தனிநபர் வருமான வரி இல்லாத மாநிலம் இது. மாநில அரசுக்கு வரும் வரிப் பணத்தில் பாதிக்கு மேல் இந்த விற்பனை வரியிலிருந்துதான் வருகிறது. சம்பளச் சீட்டைப் பார்த்து "இங்க ஸ்டேட் டாக்ஸ் இல்ல" என்று சந்தோஷப்படுகிறோம். அதில் ஒரு பகுதியைக் கடையில் கட்டுகிறோம், வீடு வாங்கியவர்கள் பெரும்பகுதியைச் சொத்து வரியாகக் கட்டுகிறார்கள்.

சரி, 6.25 எப்படி 8.25 ஆனது? மாநில விகிதத்துக்கு மேல் நகரம், கவுன்டி, போக்குவரத்து ஆணையம் போன்ற உள்ளூர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 2% போடலாம் என்று டெக்சஸ் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் இந்த மாநிலத்தில் எங்கே போனாலும் 8.25-ஐத் தாண்டாது. பெரிய ஊர்கள் எல்லாம் அந்த உச்சவரம்பைத் தொட்டுத்தான் நிற்கின்றன. ஆனால் அந்த 2% ஊருக்கு ஊர் வேறு வேறு இடத்துக்குப் போகிறது.

டாலஸ் நகரத்துக்குள் ஒரு சட்டை வாங்கினால் 2-இல் 1% நகராட்சிக்கு, மற்ற 1% 'டார்ட்' என்ற போக்குவரத்து ஆணையத்துக்கு. மஞ்சளும் வெள்ளையுமாக ஓடும் அந்த ரயில் நம் சட்டைக்காசில்தான் ஓடுகிறது. வடக்கே ஃபிரிஸ்கோவுக்குப் போங்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர். அங்கேயும் 8.25 தான். ஆனால் ஃபிரிஸ்கோ டார்ட்டில் சேரவில்லை. அங்கே 1% நகராட்சிக்கு, அரை சதவீதம் பொருளாதார வளர்ச்சிக் கழகத்துக்கு, இன்னொரு அரை சதவீதம் சமுதாய வளர்ச்சிக் கழகத்துக்கு. நிறுவனங்களை ஊருக்கு இழுத்துவரவும் பூங்காக்களுக்கும் விளையாட்டு வளாகங்களுக்கும் அந்தப் பணம் போகிறது. பி.ஜி.ஏ. கோல்ஃப் அமைப்பின் தலைமையகம் ஃபிரிஸ்கோவுக்கு வந்ததில் இந்த அரை சதவீதங்களுக்குப் பங்கு உண்டு. பில்லில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் ஒரே எண். ஒரு ஊரில் கார் இல்லாதவர் ரயிலேறி வேலைக்குப் போகலாம், இன்னொரு ஊரில் முடியாது.

இப்படி ஊர் மக்கள் எதற்கு ஒப்புக்கொண்டார்களோ அது பில்லின் அடியில் தெரிகிறது. உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் வாக்கெடுப்பு வழியாக வருவது. பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்று ஓட்டுப் போடும்போது அதிபர் பெயருக்குக் கீழே, யாரும் படிக்காத சிறிய எழுத்தில் இருக்கும் 'முன்மொழிவு' என்பதில் இதுவும் வரும். குடியுரிமை வாங்கியவர்கள் தயவுசெய்து அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

நியூயார்க் நகரத்தின் 8.875%-ஐயும் இப்படிப் பிரிக்கலாம். மாநிலத்துக்கு 4, நகரத்துக்கு 4.5, சுரங்க ரயிலும் பேருந்தும் ஓடும் பெருநகரப் போக்குவரத்து மாவட்டத்துக்கு 0.375. டென்னசியில் மாநிலமே 7%, அதன்மேல் உள்ளூர் 2.75% வரை போகலாம். கலிஃபோர்னியாவில் எங்கே இருந்தாலும் 7.25%-க்குக் குறையாது, அதன்மேல் ஊரும் கவுன்டியும் மக்கள் ஓட்டெடுத்துச் சேர்த்த மாவட்ட வரிகள் ஏறும். ஆகவே விரிகுடாப் பகுதியில் ஒரு சாலையைத் தாண்டினால் விகிதம் மாறுவது சாதாரணம். அஞ்சல் குறியீட்டை நம்பி விகிதம் பார்க்காதீர்கள். ஜிப் கோடு கடிதம் கொடுக்கப் போட்ட எல்லை, வரி வாங்கப் போட்டதல்ல. ஒரே ஜிப் கோடுக்குள் இரண்டு மூன்று விகிதம் இருக்கலாம். டெக்சஸ், கலிஃபோர்னியா, நியூயார்க் வரித்துறைத் தளங்களில் தெருமுகவரி போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதுதான் சரியான வழி.

நியூ ஜெர்சியில் உள்ளூர் வரி கிடையாது. நான் முதலில் குடியிருந்தது அங்கேதான். எடிசன் ஓக் ட்ரீ ரோடானாலும் பிரின்ஸ்டனானாலும் 6.625%. விசித்திரமான எண், ஆனால் அதற்கும் கதை இருக்கிறது. 2006-இல் ஆளுநர் ஜான் கோர்சைன் 6%-ஐ 7% ஆக்கப் பார்த்தார். சட்டமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, பட்ஜெட் நிறைவேறாமல் ஜூலை முதல் வாரம் மாநில அரசே மூடிக்கிடந்தது. அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட விடுதிகள்கூட மூடப்பட்டன. ஒரே ஒரு சதவீதத்துக்கு! கடைசியில் 7% வந்தது. பத்து வருடம் கழித்து ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி காலத்தில் பெட்ரோல் வரியை காலனுக்கு 23 சென்ட் ஏற்றி, பதிலுக்கு விற்பனை வரியை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். 2017-இல் 6.875, 2018-இல் 6.625.

அங்கே 'அர்பன் என்டர்பிரைஸ் ஸோன்' என்று நலிந்த நகரப் பகுதிகளுக்கு ஒரு சலுகை உண்டு. அதில் பதிவுசெய்த கடைகளில் பாதி வரி, 3.3125% தான். எலிசபெத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெர்சி கார்டன்ஸ் மால் அந்த வட்டத்துக்குள் வருகிறது. ஊருக்குத் திரும்பும் முன் சூட்கேஸோடு அங்கே வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் தெரிந்துதான் வருகிறார்கள்.

விகிதத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஆனால் சாப்பாடும் துணியும் வாங்கும் குடும்பத்துக்கு விகிதத்தைவிடப் பொருள்தான் முக்கியம். எதற்கு வரி, எதற்கு இல்லை என்பதில்தான் பணம் மிச்சமாகும்.

என் தம்பி அனுப்பிய முதல் பில் இந்தியக் கடையுடையது. அரிசி, துவரம்பருப்பு, புளி, நெய், காய்கறி, உறைய வைத்த பரோட்டா எதற்கும் வரி இல்லை. டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் சமையலுக்கான மளிகைக்கு வரி கிடையாது. அதே கூடையில் ஊதுபத்தியோ குக்கரோ இருந்திருந்தால் அவற்றுக்கு வரி உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் சூடாக இருந்த சமோசாவுக்கும் வரி. சூடாக்கி விற்றால் அது மளிகை இல்லை, சமைத்த உணவு. பல கடைகளின் பில்லில் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து நிற்கும். வரி போட்ட பொருளையும் போடாததையும் பிரிக்கும் குறி அது. ஒருமுறை உட்கார்ந்து அதைப் பொருள் பொருளாகப் பார்த்துவிட்டால் உங்கள் மாநிலத்தின் சட்டம் பாதி மனப்பாடமாகிவிடும்.

டெக்சஸில் குளிர்பானத்துக்கு வரி உண்டு, பாலுக்கு இல்லை. பழரசம் பாதிக்கு மேல் நிஜப் பழச்சாறாக இருந்தால் இல்லை. மிட்டாய்க்கு உண்டு. சிப்ஸ் பெரிய பாக்கெட்டுக்கு இல்லை, ஒரு ஆள் தின்பதற்கான குட்டிப் பாக்கெட்டைத் தனியாக வாங்கினால் உண்டு. பேக்கரி ரொட்டிக்கும் கேக்குக்கும் இல்லை, ஆனால் தட்டும் முள்கரண்டியும் வைத்துக் கொடுத்தால் உண்டு. நியூயார்க்கில் பேகலை முழுசாக வாங்கிக்கொண்டு போனால் வரி இல்லை. கடையிலேயே கத்தியால் பிளந்து கொடுத்தால் அது தயாரித்த உணவாகி வரி ஏறிவிடும். நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட வரையறைப்படி, மாவு சேர்ந்த இனிப்பு மிட்டாய் ஆகாது. அதனால் உள்ளே வேஃபர் இருக்கும் கிட்கேட்டுக்கு அங்கே வரி இல்லை, வெறும் சாக்லேட் கட்டிக்கு உண்டு.

இதெல்லாம் வேடிக்கையான சட்டமாகத் தெரியலாம். எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. வயிற்றுக்கான உணவை வரியிலிருந்து விலக்க வேண்டும் என்று முடிவுசெய்த பிறகு, எது அந்த உணவு, எது நொறுக்குத்தீனி என்று எங்காவது கோடு போட்டாக வேண்டும். எங்கே போட்டாலும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பண்டம் வினோதமாகத்தான் தெரியும்.

கோடே போடாத மாநிலங்களைப் பார்த்தால்தான் கோடு போட்டவர்களின் அருமை தெரியும். மிசிசிப்பி நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. அங்கே பல காலமாக அரிசிக்கும் பாலுக்கும் டி.வி.க்கும் ஒரே 7%. 2025 ஜூலையில்தான் மளிகைக்கு 5% ஆக்கினார்கள். டென்னசியில் உணவுக்கு மாநில வரி 4%, அதன்மேல் உள்ளூர் வரி. அலபாமா 4-லிருந்து 3, பிறகு 2025 செப்டம்பரில் 2% என்று இறங்கி வருகிறது. ஓக்லஹோமா 2024 ஆகஸ்டில் மளிகை மீதான மாநில வரியை நீக்கியது. கன்சாஸ் படிப்படியாகக் குறைத்து 2025 ஜனவரியில் பூஜ்யமாக்கியது. அரசின் உணவு உதவி அட்டையில் வாங்கும் பொருளுக்கு எந்த மாநிலமும் வரி போடக்கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த உதவிக்குத் தகுதிபெறும் கோட்டுக்கு நூலிழை மேலே இருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாதம் ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிப்பவருக்கும், வாங்கிய சம்பளம் முழுவதும் கடையிலும் வாடகையிலும் கரைந்துபோகிறவருக்கும் ஒரு மூட்டை அரிசிக்கு ஒரே வரி என்பது என்னால் ஒப்புக்கொள்ள முடியாத விஷயம். இவை ஒவ்வொன்றாகக் குறைவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

குழந்தைகளின் டயப்பரும் மாதவிடாய் நாப்கினும் இதே கதைதான். நியூயார்க் 2016-இல் மாதவிடாய்ப் பொருள்களுக்கு வரியை நீக்கியது, கலிஃபோர்னியா 2020-இல் அதையும் டயப்பரையும் சேர்த்து நீக்கியது. டெக்சஸில் 2023 செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. மருந்துச்சீட்டோடு வாங்கும் மருந்துக்குக் கிட்டத்தட்ட எங்கேயுமே வரி கிடையாது. சீட்டில்லாமல் வாங்கும் காய்ச்சல் மாத்திரைக்கு டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் இல்லை, கலிஃபோர்னியாவில் உண்டு.

துணிமணிக்கு வந்தால் வடக்குப் பக்க மாநிலங்கள் சிலதான் தாராளம். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மினசோட்டா மூன்றிலும் சாதாரண உடைக்கு வரி கிடையாது. மினியாபோலிஸ் பக்கத்தில் மால் ஆஃப் அமெரிக்காவுக்குக் கூட்டம் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓக் ட்ரீ ரோட்டில் பட்டுப்புடவை எடுத்தால் வரி இல்லை, அதற்குப் பொருத்தமாகப் பக்கத்துக் கடையில் தங்க நெக்லஸ் எடுத்தால் 6.625% உண்டு. கல்யாணத்துக்கு நகை வாங்குகிறவர்கள் செய்கூலியைப் பேசும் அதே கவனத்தோடு இந்த வரியையும் கணக்கில் வைக்கவேண்டும்.

நியூயார்க் நகரத்தில் ஒரு உருப்படி 110 டாலருக்குக் குறைவாக இருந்தால்தான் விலக்கு. 109 டாலர் கோட்டுக்கு வரி பூஜ்யம். 110 டாலர் கோட்டுக்கு முழு 110-க்கும் 8.875%, அதாவது 9.76. ஒரு டாலர் வித்தியாசம் பத்தே முக்கால் டாலராகிவிடுகிறது. மாசசூசெட்ஸில் வரம்பு 175 டாலர், ஆனால் அதற்கு மேல் போன தொகைக்கு மட்டும்தான் 6.25%. 200 டாலர் கோட்டுக்கு 25 டாலருக்கான வரி, ஒன்றரை டாலர் சொச்சம். ஒரே நோக்கத்துக்காக எழுதிய இரண்டு சட்டங்களில் மாசசூசெட்ஸ்காரர்கள் எழுதியதுதான் யோசித்து எழுதியது என்பேன்.

பக்கத்து மாநிலத்தில் வரி இல்லை என்றால் மக்கள் சும்மா இருப்பார்களா? ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் 8% கட்டுவதற்குப் பதில் லேப்டாப் வாங்க டெலவேரின் கிறிஸ்டியானா மாலுக்குப் போகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் இருப்பவர்கள் ஆற்றைத் தாண்டி ஆரிகனின் போர்ட்லாண்டுக்குப் போகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவா என்ற ஊரில் ஃபெசன்ட் லேன் மால் இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு பகுதி மாசசூசெட்ஸில் கிடக்கிறது. கட்டடத்தின் ஒரு மூலை எல்லைக்கோட்டைத் தொடாதபடி வெட்டிவிட்டது போல அமைந்திருக்கிறது, உள்ளே வாங்கும் எதுவும் மாசசூசெட்ஸ் வரிக்குள் விழக்கூடாது என்பதற்காக.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வரியில்லாத இடத்தில் வாங்கி வரியுள்ள மாநிலத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்தினால், அந்தத் தொகையைப் 'பயன்பாட்டு வரி'யாகச் சொந்த மாநிலத்துக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலங்களின் வருமான வரிப் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. நிரப்புகிறவர்கள் குறைவு, ஆனாலும் கடமை கடமைதான். கார் விஷயத்தில் தப்பிக்கவே முடியாது. எங்கே வாங்கினாலும், எந்த மாநிலத்தில் பதிவுசெய்கிறீர்களோ அங்கே பதிவின்போது வாங்கிவிடுவார்கள். ஆரிகனில் கார் வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இணையத்தில் வாங்கினால் வரி இல்லை என்ற காலம் ஒன்று இருந்தது. 1992-இல் குவில் என்ற நிறுவனத்துக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடந்த வழக்கில், மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலிக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தபாலில் பட்டியல் அனுப்பி விற்கும் காலத்துத் தீர்ப்பு அது. அதன் நிழலில்தான் இணைய வணிகம் வளர்ந்தது, தெருமுனைக் கடைக்காரர் வரியோடு விற்றுக்கொண்டு நஷ்டப்பட்டார். 2018 ஜூன் 21-ஆம் தேதி, தெற்கு டகோட்டாவுக்கும் வேஃபேர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் அது தலைகீழானது. 5-க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பை நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதினார். பெரிய வழக்குகளில் பெரும்பாலும் எதிரெதிர்ப் பக்கம் நின்ற நீதிபதிகள் தாமஸும் கின்ஸ்பர்கும் அன்று ஒரே பக்கம் நின்றார்கள். அதன் பிறகு ஒரு மாநிலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்பவர் யாராக இருந்தாலும் அங்கே வரி வசூலிக்க வேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் போட்டன. விகிதம் பெரும்பாலும் பொருள் வந்து சேரும் முகவரியைப் பொறுத்தது. மகளின் கல்லூரி விடுதிக்கு அனுப்பினால் அந்த ஊர் வரி, நம் வீட்டுக்கு வரவழைத்தால் நம் ஊர் வரி.

தம்பி பில்லில் இருந்த 8% இங்கேதான் வருகிறது. அவன் ஒரு வெளிமாநிலச் சிறு கடையின் சொந்தத் தளத்தில் பை வாங்கியிருந்தான். டெக்சஸில் நூற்றுக்கணக்கான உள்ளூர் விகிதங்கள் இருக்கின்றன. எங்கோ இருக்கும் சின்ன வியாபாரி அத்தனையையும் கணக்கு வைப்பது கஷ்டம். அதனால் வெளிமாநில விற்பனையாளர்கள் விரும்பினால் உள்ளூர்ப் பங்குக்குப் பதிலாக மாநிலம் முழுக்க ஒரே விகிதத்தை வாங்கலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. அது பல வருடங்களாக 1.75%. 6.25-உம் 1.75-உம் சேர்ந்தால் 8. அமேசான் போன்ற சந்தைத் தளங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அங்கே வாங்கியதில் நம் ஊரின் 8.25 தான் வரும்.

கடையில் நிற்கும்போது உதவும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸின் 8.25%-ஐ மனதில் போட, விலையைப் பன்னிரண்டால் வகுங்கள். 60 டாலருக்கு 5 என்று வரும், சரியான கணக்கு 4.95. நியூ ஜெர்சிக்குப் பதினைந்தால் வகுங்கள். 60-க்கு 4 வரும், சரியானது 3.98. இதற்குமேல் துல்லியம் கடையில் தேவைப்படாது.

கூப்பனில் இரண்டு வகை. கடையே விலை குறைத்தால் குறைத்த விலைக்குத்தான் வரி. தயாரிப்பாளர் வெளியிட்ட கூப்பன் என்றால், கடைக்கு அந்தப் பணம் பின்னால் வந்துவிடுவதால், நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் முழு விலைக்கும் வரி போடுவார்கள். பரிசு அட்டை வாங்கும்போது வரி இல்லை, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போதுதான் வரி. எனவே பிறந்தநாளுக்கு 50 டாலர் அட்டை கொடுத்து "அந்த 50 டாலர் ஷூவை வாங்கிக்கோ" என்றால் குழந்தை கையிலிருந்து நாலு டாலர் போட வேண்டியிருக்கும், கூடச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். உணவகத்தில் டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிடலாம். அட்டைக் கருவி காட்டும் 18, 20, 22 என்பது பல இடங்களில் வரியும் சேர்ந்த தொகைக்குக் காட்டுவது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குக் கட்டிய வரியும் திரும்பி வர வேண்டும், வந்ததா என்று பாருங்கள்.

அப்பா அம்மா வந்து திரும்பும்போது, "சிங்கப்பூர்ல மாதிரி ஏர்போர்ட்ல வரியைத் திருப்பித் தருவாங்களாமே" என்று கேட்பார்கள். இங்கே அப்படி நாடு தழுவிய ஏற்பாடு கிடையாது, ஏனென்றால் அது மத்திய அரசு வாங்கிய வரியே இல்லை. டெக்சஸில் மட்டும் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சில நிபந்தனைகளோடு திருப்பித்தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ரசீதும் பாஸ்போர்ட்டும் பயணச்சீட்டும் கேட்பார்கள், ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள்.

டெக்சஸில் இருப்பவர்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியது ஆகஸ்ட் தொடக்கத்தில் பள்ளி திறப்பதற்கு முன் வரும் வரிவிலக்கு வார இறுதி. 1999-லிருந்து நடக்கிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை, 100 டாலருக்குக் குறைவான உடை, காலணி, பள்ளிப்பை, நோட்டு, பென்சில் வகையறாவுக்கு வரி இல்லை. வரம்பு ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனி. மொத்தப் பில் ஐநூறு ஆனாலும் பரவாயில்லை. இணையத்தில் வாங்கினாலும் செல்லும். ஆனால் அனுப்பும் கட்டணத்தையும் சட்டம் விலையோடு சேர்த்துக்கொள்கிறது. 95 டாலர் ஜீன்ஸுக்கு 10 டாலர் டெலிவரி என்றால் அது 105 டாலர் பொருள், முழுத் தொகைக்கும் வரி. அந்த ஜீன்ஸை மட்டும் நேரில் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.